மெட்டாலிகா விலைபோனது 'ஒன்' வீடியோவிலா? 21 வீடியோ டிவிடி பற்றி

ஒரு வாசகரின் கேள்வி, 7 ஜூன்

அண்ணே, அமெரிக்க மெட்டல் பேண்டான மெட்டாலிகாவின் வீடியோ தொகுப்பு டிவிடி ஒரு நண்பரிடமிருந்து கைக்கு வந்தது. 1989 முதல் 2004 வரை, மொத்தம் 21 வீடியோ. முழுக்கப் பார்த்தேன். முதல் மூன்று ஆல்பத்துக்கு வீடியோவே எடுக்காமல் முறுக்கிக்கொண்டு நின்றவர்கள், 'ஒன்' பாட்டுக்கு வீடியோ எடுத்த அன்றைக்கே விலைபோய்விட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. அதன் பிறகு எல்லாமே விளம்பரம். இதெல்லாம் யூடியூபிலேயே கிடக்கிறது, வட்டை யாராவது இன்னும் வைத்திருக்கிறீர்களா?

8 ஜூன், இரவு

வைத்திருக்கிறேன் தம்பி. 2006 டிசம்பரில் வார்னர் வெளியிட்ட வட்டு. இன்னும் ஓடுகிறது.

'ஒன்' எடுத்த அன்றைக்கே விலைபோனார்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1983, 84, 86 என்று மூன்று ஆல்பம் வீடியோ இல்லாமலே வந்தன. 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்' வானொலி உதவியும், பாட்டு வீடியோ போடும் எம்டிவி சேனலின் உதவியும் இல்லாமலே அமெரிக்காவில் கோல்டு விற்பனையை, அதாவது ஐந்து லட்சம் பிரதியைத் தொட்டது. அதாவது 1988 கடைசியில் கேமரா முன்னால் போய் நிற்க வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு இல்லை.

அப்படி நின்றபோது எதை எடுத்தார்கள் என்று பாருங்கள். டால்டன் டிரம்போ 1939ல் எழுதிய 'ஜானி காட் ஹிஸ் கன்' நாவல். முதல் உலகப்போரில் குண்டு விழுந்து கை, கால், கண், காது, நாக்கு எல்லாம் போன ஒரு சிப்பாய், ஆஸ்பத்திரிக் கட்டிலில் நினைவு மட்டும் உயிரோடு கிடக்கிறான். டிரம்போ ஹாலிவுட் கறுப்புப் பட்டியலில் இருந்தவர், சிறைக்கும் போனவர். 1971ல் தன் நாவலைத் தானே படமாக்கினார். அவர் இயக்கிய ஒரே படம் அதுதான். மெட்டாலிகா அந்தப் படத்தின் உரிமையையே வாங்கி, காட்சிகளையும் வசனங்களையும் பாட்டின் நடுவில் வைத்தார்கள். சில இடங்களில் வசனம் பாட்டை அமுக்கிவிட்டு மேலே வருகிறது. விற்பதற்காக எடுத்த வீடியோவில் யாராவது தன் பாட்டின் மேலேயே அடுத்தவர் குரலைப் போட்டு மூடுவார்களா?

8 ஜூன், கொஞ்ச நேரம் கழித்து

இன்னொன்று. முழு வடிவம் ஏழரை நிமிடத்துக்கும் மேல் ஓடும். 1989 ஜனவரியில் எம்டிவியில் வந்தது. பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசையில் 35ஆம் இடம் வரை போனது, டாப் 40க்குள் அவர்கள் நுழைந்தது அதுதான் முதல்முறை. வெற்றி கிடைத்தது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் வெற்றி கிடைத்த ஒரே காரணத்துக்காக ஒரு வேலையை விலைபோனது என்று சொல்லிவிடக்கூடாது.

10 ஜூன்

வட்டின் கடைசியில் கூடுதலாகச் சிலது இருக்கிறது, அதைப் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. மெனுவில் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். 1989ல் 'டூ ஆஃப் ஒன்' என்று ஒரு விஹெச்எஸ் கேசட் வந்தது. அதன் முன்னுரையும், 'ஒன்' பாட்டின் ஜாமிங் வடிவமும் அங்கே இருக்கின்றன. ஜாமிங் வடிவத்தில் படக்காட்சி ஒன்றுகூடக் கிடையாது. கலிஃபோர்னியா லாங் பீச்சில் ஒரு கிடங்கு, நான்கு பேர், கருவிகள், கறுப்பு வெள்ளை. அவ்வளவுதான்.

நான் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவன். மிக்ஸிங் மேஜையில் உட்கார்ந்தே பாதி வாழ்க்கை போய்விட்டது. அதனால் இந்த இரண்டு வடிவத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்ப்பது எனக்கு ஒரு பாடம் மாதிரி. ஒரே படப்பிடிப்பு, ஒரே பாட்டு. ஜாமிங் வடிவத்தில் கேமரா கைகளை விடவே மாட்டேன் என்கிறது. பாடகர் ஹெட்ஃபீல்டின் வலது கை மணிக்கட்டு கிட்டாரைக் கீழ்ப்பக்கமாகவே அடித்துக்கொண்டிருப்பது, இன்னொரு கிட்டார்க்காரர் ஹாமெட்டின் விரல் கம்பிமேல் ஓடுவது, டிரம்மர் உல்ரிக்கின் தலைமுடி டிரம் மேல் விழுவது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான்கு பேர் வாசிக்கிறார்கள் என்பதைத் தவிர அதில் செய்தி இல்லை.

முழு வடிவத்தில் இரட்டை பேஸ் டிரம் துப்பாக்கி மாதிரி வெடிக்கும் இடத்துக்கு வாருங்கள். அந்தச் சிப்பாய் தந்திக்காரர்களின் மோர்ஸ் குறியீட்டில் பேசுவதற்காகத் தலையைத் தலையணையில் மோதிக்கொண்டிருக்கிறான். உலகம் முழுக்க மெட்டல் ரசிகன் கச்சேரியில் செய்வதும் அதே அசைவுதான், தலையை முன்னும் பின்னும் ஆட்டுவது. இங்கே ஒருவன் உடம்பில் மிச்சம் இருப்பதே அந்த ஒரு அசைவு, அதை வைத்துத் தன்னைக் கொன்றுவிடச் சொல்லிக் கெஞ்சுகிறான். அதைப் பார்த்த பிறகு நான் அந்தப் பாட்டுக்கு லேசாகத் தலையாட்டியதே இல்லை.

இயக்கியவர்கள் பில் போப், மைக்கேல் சாலமன். இந்த பில் போப்தான் பத்து வருடம் கழித்து 'மேட்ரிக்ஸ்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். டிரம்போ படத்தில் ஆஸ்பத்திரி கறுப்பு வெள்ளையிலும் நினைவுகள் வண்ணத்திலும் வரும். வீடியோவில் நினைவுகளின் வண்ணத்தையும் எடுத்துவிட்டார்கள். எனக்கு அது சரியான முடிவாகப் படுகிறது. பாட்டில் அவனுக்குத் தப்பிக்க இடம் கிடையாது, வண்ணம் வந்தால் கொஞ்சம் இடம் கிடைத்துவிடும்.

10 ஜூன், பின்னிரவு

ஜாமிங் வடிவத்தில் ஜேசன் நியூஸ்டெட்டைப் பாருங்கள். பேஸ் கிட்டாரை அடி அடி என்று அடிக்கிறார். காதில் என்ன விழுகிறது? ஏறக்குறைய ஒன்றும் இல்லை. 'ஒன்' இடம்பெற்ற '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்தின் ஒலிக் கலவையில் பேஸை அந்த அளவுக்குத் தாழ்த்தி வைத்திருந்தார்கள். 1986 செப்டம்பரில் ஸ்வீடனில் பஸ் கவிழ்ந்து பழைய பேஸ் கிட்டார்க்காரர் கிளிஃப் பர்ட்டன் இறந்த பிறகு அவர் இடத்துக்கு வந்தவர் நியூஸ்டெட். ஆல்பத்தைக் கேட்கும்போது இது ஒரு ஒலிக் குறை, அவ்வளவுதான். வீடியோவில் ஒரு மனிதன் உழைக்கிறதைக் கண்ணால் பார்க்கிறோம், உழைப்பின் சத்தம் வரவில்லை. எனக்கு மனது கஷ்டமாகிவிடும்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 2003க்கு வரும்போது மறுபடி எடுக்கிறேன்.

11 ஜூன்

"அப்படியானால் 'என்டர் சாண்ட்மேன்'தான் விலைபோன இடம், ஒத்துக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

பாதி ஒத்துக்கொள்கிறேன். அதை இயக்கிய வெய்ன் ஐஷம் அப்போது பான் ஜோவி, மாட்லி க்ரூ போன்ற பிரபல ராக் பேண்டுகளின் வீடியோக்களால் பேர் வாங்கியவர். அவரைக் கூப்பிடுவது என்றால் எந்தக் கூட்டத்தைப் பிடிக்கப் போகிறார்கள் என்பது தெளிவு. வட்டில் இருக்கும் 21ல் 7 அவர் கைவேலை, அதாவது மூன்றில் ஒரு பங்கு. பாட்டின் நீளம் ஐந்தரை நிமிடம், நடுவில் இன்னொருவர் படம் இல்லை, கோரஸ் வாயில் ஒட்டிக்கொள்ளும். எல்லாம் சரி.

ஆனால் வெட்டை, அதாவது எடிட்டிங்கைப் பாருங்கள். குழந்தையின் கெட்ட கனவு: தண்ணீரில் மூழ்குவது, கட்டடத்தின் மேலிருந்து விழுவது, லாரி துரத்துவது, உடம்பெல்லாம் பாம்பு. அந்தக் கிழவரின் முகச் சுருக்கம். இவற்றுக்கு நடுவே பேண்ட் முழுசாக ஒரு வினாடிகூட நிற்காமல் சிமிட்டிச் சிமிட்டி வருகிறது. தங்கள் முகத்தைக் காட்டி விற்க நினைப்பவர்கள் முகத்தை இப்படி ஒளிக்க மாட்டார்கள். 1992ல் எம்டிவியில் சிறந்த மெட்டல் வீடியோ பரிசு இதற்குக் கிடைத்தது. தகுதியான பரிசு.

11 ஜூன், மாலை

அந்த வீடியோவை நான் முதலில் பார்த்தது பக்கத்து வீட்டில், கேபிள் புதிதாக வந்த காலம். ஹாங்காங்கிலிருந்து ஸ்டார் டிவி ஒளிபரப்பிய வரிசையில் எம்டிவியும் ஒன்று. 1994ல் எம்டிவி அங்கிருந்து விலக, அந்த இடத்துக்கு சேனல் வி வந்தது. அந்த இடைப்பட்ட காலத்தில் கேபிள் இழுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மெட்டாலிகா என்றால் முதலில் முகம் கிடையாது, சிமிட்டும் வெளிச்சம்தான். மாமி சமையலறையிலிருந்து "டிவி கெட்டுப்போச்சா, இப்படி மின்னுது" என்று கேட்டார்கள். இல்லை மாமி, அப்படித்தான் எடுத்திருக்கிறார்கள் என்று விளக்கியது ஞாபகம் இருக்கிறது. அன்றைக்குத்தான் வெட்டு என்றால் என்ன என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

13 ஜூன்

எது தேறாது என்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பக்தன் என்று முத்திரை குத்திவிடுவீர்கள்.

'வேர்எவர் ஐ மே ரோம்', 'சாட் பட் ட்ரூ' இரண்டும் சுற்றுப்பயணத் துண்டுகள். ஒன்று போதும். 'ஃப்யூயல்' ஜப்பானின் தெருவும் வேகமும். பாட்டின் வேகத்தை மறுபடி சொல்வதற்கு மேல் எதுவும் செய்யவில்லை. 'ஐ டிஸப்பியர்' டாம் க்ரூஸ் படத்துக்காக வந்த பாட்டு. ஆளுக்கு ஒரு பழைய படத்தின் காட்சியைக் கொடுத்து ஓடவிட்டிருக்கிறார்கள், ஹாமெட்டை விமானம் துரத்துகிறது. தம்பி சொல்லும் விளம்பரம் என்ற வார்த்தை இதற்குப் பொருந்தும். முதலில் பார்க்கும்போது கலகலப்பாக இருக்கும், அதோடு சரி.

'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்' இந்த வரிசையில் சேராது. ஸ்டுடியோவில் ஆல்பம் பதிவு செய்தபோது ஆடம் டூபின் எடுத்த ஆவணப்படத்திலிருந்து வெட்டியது. யாரும் நடிக்கவில்லை. காத்திருக்கிறார்கள், கொட்டாவி விடுகிறார்கள், மறுபடி வாசிக்கிறார்கள். ராக் பாடகர் கிப் விங்கரின் சுவரொட்டி மேல் உல்ரிக் அம்பு எறிவது மட்டும் எனக்குப் பிடிக்காது. தன் வேலையைச் செய்துகொண்டிருந்த ஒரு சக கலைஞனை ஊர் முழுக்கக் கேலிப்பொருள் ஆக்கிய காட்சி அது. அழகான பாட்டின் நடுவில் அது வேண்டியதில்லை.

16 ஜூன்

இரண்டு நாள் முகூர்த்தம், எழுத முடியவில்லை. இப்போது இவர்கள் நீள முடியை வெட்டிக்கொண்ட காலத்துக்கு வருவோம். 1996, 'லோட்' ஆல்பம். எல்லோரும் திட்டும் காலம். வீடியோவைப் பொறுத்தவரை என் கணக்கில் இதுதான் வட்டின் வளமான பகுதி.

'அன்டில் இட் ஸ்லீப்ஸ்' இயக்கியவர் சாமுவேல் பேயர், நிர்வாணாவின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' எடுத்தவர். ஹீரோனிமஸ் போஷ் என்ற நெதர்லாந்து ஓவியரின் உருவங்களை, மனிதனை விழுங்கும் பறவைத் தலைப் பிசாசு உட்பட, ஆட்களை வைத்துச் செய்திருக்கிறார். ஓவியத்தை மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தின் பெரிய படத்தில் உற்றுப் பார்த்துவிட்டு வீடியோவுக்கு வந்தால், ஒரு மூலையில் இருந்த சின்ன உருவம் இங்கே நடந்து வருவது தெரியும். ஹெட்ஃபீல்டின் அம்மா புற்றுநோயில் இறந்தவர், பாட்டு அந்த நோயிலிருந்து வந்தது. உடம்புக்குள் இருக்கும் ஒன்றை வெளியே எடுக்க முடியாத தவிப்புக்கு போஷைவிடப் பொருத்தமானவர் யார்?

அதற்கு அடுத்து அன்டன் கார்பைன் எடுத்த இரண்டு. 'ஹீரோ ஆஃப் தி டே'யில் ஒரு பையன் சோபாவில் சுருண்டுகொண்டு டிவி பார்க்கிறான். எந்த சேனல் மாற்றினாலும் இந்த நான்கு பேர்தான் வருகிறார்கள், குத்துச்சண்டையில், போட்டி நிகழ்ச்சியில், கௌபாய் படத்தில். 'லோட்' என்ற பேரில் ஒரு பானத்துக்கு விளம்பரம்கூட வருகிறது. தம்பி, நீங்கள் சொன்ன விளம்பரம் என்ற குற்றச்சாட்டை அவர்களே எடுத்து, அதைப் பார்த்துப் பார்த்து நோயில் விழுந்த பையனையும் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். இதை நீங்கள் இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

'மாமா செட்' எனக்கு மிகவும் வேண்டியது. காரின் பின் சீட்டில் ஹெட்ஃபீல்ட் கிட்டாரோடு உட்கார்ந்து பாடுகிறார், ஜன்னலுக்கு வெளியே சாலை ஓடுகிறது. மற்ற மூன்று பேர் வெளியிலிருந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். கடைசியில் கேமரா பின்னால் வருகிறது: கார் இல்லை, ஒரு சீட்டு மட்டும், பின்னால் திரை. அம்மாவுக்காகப் பாடிய பாட்டில் ஊரெல்லாம் சுற்றியது போலக் காட்டி, இருந்த இடத்தை விட்டு நகரவே இல்லை என்று முடிக்கிறார் கார்பைன். செலவு என்று பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஒரு சீட்டு, ஒரு திரை, ஒரு குதிரை. நானும் கல்யாண ஜோடியை அசையாத காரில் உட்கார வைத்துப் பின்னால் மலைப்பாதை ஓடவிட்டிருக்கிறேன். அந்தத் திரையைக் கடைசியில் காட்டிவிடும் துணிவு இருக்கிறதே, அது பெரிய துணிவு.

17 ஜூன்

'டர்ன் தி பேஜ்' பற்றி ஒருவர் கேட்டிருந்தார். வீட்டில் பிள்ளைகள் இருக்கும்போது போடாதீர்கள். ஜோனஸ் ஆகர்லுண்ட் எடுத்தது, 1998. அமெரிக்க ராக் பாடகர் பாப் சீகர் எழுதிய மூலப்பாட்டு, ஊர் ஊராகப் போகும் பாடகனின் அலுப்பைப் பற்றியது. ஆகர்லுண்ட் பாடகனை ஓரமாக நிறுத்திவிட்டு, சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு விடுதி விடுதியாகப் போய் உடம்பை விற்றுப் பிழைக்கும் ஒரு தாயை நடுவில் கொண்டுவந்தார். ஜிஞ்சர் லின் நடித்திருக்கிறார். அலுப்பு என்று சொல்ல யாருக்கு அதிக உரிமை என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. 'ஒன்' வீடியோவுக்குப் பிறகு தங்கள் பாட்டை அடுத்தவர் கதைக்கு முழுசாக விட்டுக்கொடுத்தது இதில்தான்.

19 ஜூன்

2003. சொன்னபடி பேஸுக்கு வருகிறேன்.

2001 ஜனவரியில் நியூஸ்டெட் விலகிவிட்டார். 'செயின்ட் ஆங்கர்' ஆல்பத்தில் பேஸ் வாசித்தது தயாரிப்பாளர் பாப் ராக். பதிவெல்லாம் முடிந்த பிறகு 2003 பிப்ரவரியில் ராபர்ட் ட்ருஹியோ வந்து சேர்ந்தார். வீடியோக்கள் அதற்கப்புறம்தான் எடுக்கப்பட்டன. ஆக 'செயின்ட் ஆங்கர்' வீடியோவில் நண்டு மாதிரி குனிந்து நின்று வாசிப்பவர் ட்ருஹியோ, காதில் விழுவது பாப் ராக்.

இப்போது வட்டின் முதல் வீடியோவையும் இதையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். 1989ல் ஆள் தெரிகிறார், அவர் வாசிப்பு கேட்கவில்லை. 2003ல் ஆள் தெரிகிறார், கேட்பது வேறு ஒருவர் வாசிப்பு. நடுவில் பதினாலு வருடம். கிளிஃப் பர்ட்டன் போன இடத்தில் யாரை நிறுத்துவது என்பதில் இந்த பேண்ட் எவ்வளவு தடுமாறியது என்பதை இந்த வரிசையே சொல்லிவிடுகிறது. தனித்தனியாக யூடியூபில் பார்த்திருந்தால் எனக்கு இது உறைத்திருக்காது. வட்டை ஏன் வைத்திருக்கிறேன் என்பதற்கு என் பதில் இதுதான்.

19 ஜூன், தொடர்ச்சி

'செயின்ட் ஆங்கர்' வீடியோவைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே. கலிஃபோர்னியாவின் சான் குவென்டின் சிறைக்குள் போய்க் கைதிகள் முன்னால் வாசித்தார்கள், எடுத்தவர்கள் மல்லாய் சகோதரர்கள். கம்பிக்குப் பின்னால் நிற்கும் முகங்கள் நடிகர் முகங்கள் இல்லை. சிலர் ரசிக்கிறார்கள், சிலர் வெறுமனே பார்க்கிறார்கள். உல்ரிக்கின் ஸ்னேர் டிரம் தகரத்தை அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் சொல்லும் குறை எனக்கும் உண்டு. ஆனால் அந்தச் சிறையின் இரும்புப் படிக்கும் கான்கிரீட் சுவருக்கும் நடுவே அந்தச் சத்தம் பொருந்துகிறது. ஆல்பமாகக் கேட்க முடியாத பாட்டை வீடியோவாகப் பார்க்க முடிகிறது.

22 ஜூன்

"யூடியூபில் தெளிவாக இருக்கிறதே, டிவிடி மங்கலாக இருக்கிறதே" என்ற கேள்விக்கு.

அந்தக் கால மியூசிக் வீடியோக்களில் பெரும்பாலானவை ஃபிலிமில் எடுக்கப்பட்டாலும், அதை டேப்பில் ஏற்றி டேப்பிலேயே வெட்டினார்கள். மாஸ்டர் என்பது டேப்தான். ஃபிலிமின் தெளிவு அந்த டேப்புக்குள் வராது. மறுபடி தெளிவாக வேண்டுமென்றால் மூல ஃபிலிமைத் தேடி எடுத்து, ஸ்கேன் செய்து, ஒவ்வொரு வெட்டையும் திரும்ப அதே இடத்தில் போட வேண்டும். 'என்டர் சாண்ட்மேன்' மாதிரி வினாடிக்கு வினாடி சிமிட்டும் வீடியோவுக்கு அது எவ்வளவு வேலை என்று மிக்ஸிங் தெரிந்தவர்களைக் கேளுங்கள். அதனால் டிவிடியில் தெரியும் மங்கல், அன்றைக்கு எம்டிவிக்குப் போன டேப்பின் மங்கல். எனக்கு அது இடைஞ்சலாகத் தெரியவில்லை. பெரிதாக்கிக் கூர்மைப்படுத்திய பிரதிகளில் முகம் மெழுகு பூசியது போல் வழவழவென்று ஆகிவிடுகிறது, அதுதான் இடைஞ்சல்.

23 ஜூன்

வட்டில் இல்லாததைச் சிலர் பட்டியல் போட்டிருக்கிறார்கள். 1989க்கு முன்னால் எதுவும் இல்லை, ஏனென்றால் எடுக்கவே இல்லை. 2008க்கு அப்புறம் வந்தவை எப்படி இருக்கும்? 2016ல் 'ஹார்ட்வயர்ட்' ஆல்பத்தின் ஒவ்வொரு பாட்டுக்கும் வீடியோ வெளியிட்டார்கள். 2023ல் '72 சீசன்ஸ்' ஆல்பத்துக்கும் அப்படியே. ஒன்றுகூட எடுக்காமல் இருந்தவர்கள் ஒன்றுகூட விடாமல் எடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டார்கள். தம்பியின் சந்தேகத்துக்கு இங்கே நியாயம் இருக்கிறது. எல்லாப் பாட்டுக்கும் வீடியோ என்றால் எந்தப் பாட்டுக்கு வீடியோ தேவை என்ற கேள்வியே எழாமல் போய்விடும். இந்த வட்டின் 21ல் பாதிக்காவது அந்தத் தேவை இருந்தது என்று நான் நினைக்கிறேன். 'தி அன்ஃபர்கிவன்' கூடுதல் பகுதியில் பதினோரு நிமிடத்துக்கு மேல் ஓடும் திரையரங்க வடிவமாகவும் இருக்கிறது. மேட் மஹூரின் எடுத்தது. ஜன்னல் இல்லாத அறையில் ஒரு பையன் கிழவனாவதை அவ்வளவு நேரம் பொறுமையாகக் காட்ட இன்றைக்கு யார் இடம் கொடுப்பார்கள்?

24 ஜூன்

2011 அக்டோபர் 30, பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸ் கச்சேரிக்குப் போனவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்று தெரிகிறது. நானும் இருந்தேன். டெல்லிப் பக்கம் நடக்க வேண்டியது ரத்தாகி, கூட்டமெல்லாம் பெங்களூரு பக்கம் திரும்பியிருந்தது. அங்கே 'ஒன்' வாசித்தபோது ட்ருஹியோவின் பேஸ் நெஞ்சில் வந்து இடித்தது. ஆல்பத்தில் நியூஸ்டெட்டுக்குக் கிடைக்காத சத்தம் அது. பக்கத்தில் நின்ற பையனிடம் சொன்னேன், அவனுக்குப் புரியவில்லை, தலையாட்டிக்கொண்டிருந்தான்.

24 ஜூன், இரவு

தம்பி "சரி அண்ணே, மறுபடி பார்க்கிறேன்" என்று எழுதியிருக்கிறார். நல்லது. ஒரு வேலை செய்யுங்கள். டிவி ரிமோட்டில் படத்தின் அளவை 4:3க்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் எல்லோர் முகமும் அகன்று போகும். 'மாமா செட்' சட்டகமே கெட்டுவிடும். முதலில் ஜாமிங் வடிவத்தைப் போடுங்கள், நியூஸ்டெட்டின் கையை மட்டும் பாருங்கள். அடுத்து முழு 'ஒன்'. அப்புறம் 'ஹீரோ ஆஃப் தி டே', 'டர்ன் தி பேஜ்', 'செயின்ட் ஆங்கர்'. மூலப்படமான 'ஜானி காட் ஹிஸ் கன்' கிடைத்தால் அதையும் பாருங்கள், ஆனால் அதே ராத்திரி வேண்டாம். விலைபோனார்களா இல்லையா என்று அதற்கப்புறம் எழுதுங்கள், பேசுவோம்.